டேப்லட் வந்தாச்சு, படிப்பு வந்துச்சா?

மாதம் 1,700 வெள்ளி. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் இது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. கடையில் ஆயிரம் வெள்ளி என்று விலை போட்டிருக்கும் ஒரு டேப்லட்டை வாங்க, ஒரு தோட்டத் தொழிலாளி பதினைந்து நாளுக்கு மேல் செம்பனைக் குலை வெட்ட வேண்டும். அதுவும் அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் அரிசி, மீன், பெட்ரோல் எதுவும் வாங்காமல் இருந்தால்தான்.

டேப்லட் தேவையா இல்லையா என்ற பேச்சை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாதம் எட்டாயிரம் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அது ஒரு விளையாட்டுப் பொருளாக இருக்கலாம். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் உள்ள பல குடும்பங்களுக்கு அது அரை மாதச் சம்பளம்.

வானொலியில் பேசுவது என் தொழில். பள்ளி திறக்கும் காலம் நெருங்கினால் நேயர்கள் புலனத்தில் அனுப்பும் குரல் பதிவுகளில் சீருடையும் காலணியும் போலவே டேப்லட்டும் தவறாமல் வந்துவிடும். 2026-இல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரிக்கு மாறியபோது கேள்விகள் முன்கூட்டியே வரத் தொடங்கின. கடைகளிலும் புதுசு புதுசாக மாடல்கள் இறங்கியிருக்கின்றன. "அக்கா, புதுசா வந்திருக்கே, அது நல்லா இருக்குமா?" என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்குப் பதில் சொல்லும் மற்ற நேயர்கள் இன்னொரு பக்கம்.

ஒரு தந்தை சொன்னார்: "வாங்கிக் கொடுத்தேன்மா. முதல் வாரம் படிச்சான். இப்போ அது யூடியூப் பெட்டி. சார்ஜ் குறைஞ்சா மட்டும்தான் தலை நிமிர்றான்."

அடுத்து ஒரு தாய்: "அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. எங்க வீட்டுல ஒரே போன்ல மூணு பிள்ளைங்க படிச்சாங்க. அப்போ ஒரு டேப்லட் இருந்திருந்தா நான் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பேன்."

இருவர் சொல்வதும் உண்மைதான். எந்த வீட்டுக்கு, எந்த வயதுக்கு, எந்த வேலைக்கு என்று பிரித்துப் பார்க்காமல் 'நல்லதா கெட்டதா' என்று கேட்பதால்தான் இந்த விவாதம் முடிவில்லாமல் போகிறது.

பதினைந்து ஆண்டுப் பழைய சண்டை

இந்த விவாதம் டேப்லட்டோடு கூடப் பிறந்தது. 2010 ஜனவரி 27-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேட்டை அறிமுகப்படுத்தினார். கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் நடுவில் ஒரு மூன்றாவது கருவிக்கு இடம் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆரம்ப விலை 499 அமெரிக்க டாலர். மறுநாளே உலகம் இரண்டாகப் பிரிந்தது. கேமரா இல்லை, யுஎஸ்பி துளை இல்லை, ஃபிளாஷ் வீடியோ ஓடாது, இது வெறும் பெரிய ஐபோன்தானே என்று ஒரு கூட்டம். சோபாவில் சாய்ந்து படிக்கவும் பார்க்கவும் இதைவிடச் சுகமானது வேறு இல்லை என்று இன்னொரு கூட்டம். விற்பனைக்கு வந்த 80 நாளில் 30 லட்சம் ஐபேட்கள் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது.

அன்று குறை சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. 'இதில் நான் எதைச் செய்ய முடியாது?' என்று அவர்கள் கேட்டார்கள். வாங்கியவர்கள் 'இதில் எதைச் சுலபமாகச் செய்யலாம்?' என்று பார்த்தார்கள். கடையில் நிற்கும்போது இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்பதுதான் பயனீட்டாளருக்கு அழகு.

ஒரு போன், மூன்று பிள்ளைகள்

நம் வட்டாரத்தில் டேப்லட் என்ற சொல் வீட்டுக்கு வீடு நுழைந்தது 2020-இல். அவ்வாண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடின, பாடம் இணையத்துக்குப் போனது. கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குக் கைப்பேசிதான். சொந்தமாக டேப்லட் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லை.

எண்ணாகப் பார்த்தால் இது ஒரு வரி. லயத்து வீட்டில் அது வேறு மாதிரி இருந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் அப்பாவுடையது. அவர் காலையில் வேலைக்குப் போகும்போது அதுவும் கூடப் போய்விடும். மாலையில் அவர் வீட்டுக்கு வந்து, குளித்து, போனைக் கையில் கொடுத்த பிறகுதான் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும். முதலில் எஸ்.பி.எம் எழுதப் போகும் மூத்தவள். பிறகு நடுவில் உள்ளவன். இரண்டாம் ஆண்டு படிக்கும் கடைசிப் பிள்ளை தூங்கிப் போயிருக்கும். அந்தப் பிள்ளைதான் இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறது என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் சொல்வதுண்டு.

அந்த நெருக்கடியில்தான் அரசு தொடர்பு நிறுவனங்களின் 15 கோடி வெள்ளி நிதியில் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கும் 'செர்டிக்' திட்டம் 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. தேவை இருந்தது, கருவியும் வந்தது. இங்கே டேப்லட் பயனா என்று கேட்பதில் பொருளே இல்லை. ஒன்றுமே இல்லாத வீட்டில் பத்து அங்குலத் திரை ஒரு வகுப்பறை.

இலவசமாக வந்தாலும் கேள்வி உண்டு

அடுத்து வந்த திட்டம்தான் விவாதத்தைச் சூடாக்கியது. 2022 வரவு செலவுத் திட்டத்தில், பி40 குடும்பங்களைச் சேர்ந்த சுமார் 600,000 உயர்கல்வி மாணவர்களுக்கு டேப்லட் வழங்க 45 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. பெராந்திசிஸ்வா என்று பெயர். 2022 ஏப்ரல் 15-இல் விண்ணப்பம் தொடங்கியது. பலருக்குக் கருவி கைக்கு வரும்போது 2023 ஆகிவிட்டது.

தாமதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாணவர்கள் எழுப்பிய இன்னொரு கேள்வி முக்கியமானது: 'எங்களுக்கு ஏன் டேப்லட்? மடிக்கணினி ஏன் இல்லை?' இதைக் கேட்ட பெரியவர்கள் சிலருக்குக் கோபம் வந்தது. 'ஓசியில் கிடைப்பதற்கு இவ்வளவு நொட்டையா?' என்றார்கள்.

நான் மாணவர்கள் பக்கம். நம் பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. செம்பனைக் காட்டைத் தாண்டினால் வந்துவிடும் அளவுக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகம். உயர்கல்வி மாணவருக்கு என்ன வேலை? ஐம்பது பக்க அறிக்கை தட்டச்சு செய்ய வேண்டும். கணக்கியல் என்றால் எக்செல் வேண்டும். பொறியியல் என்றால் வரைபட மென்பொருள் வேண்டும். நிரல் எழுதுவது என்றால் சொல்லவே வேண்டாம். இதில் பாதி வேலை டேப்லட்டில் ஓடாது; ஓடும் பாதியும் தடவித் தடவி நகரும். ஊடகப் படிப்புப் படித்த எனக்கே, ஒரு மணி நேர ஒலிப்பதிவை வெட்டித் தொகுக்க மடிக்கணினி இல்லாமல் கை ஒடிந்தது போல இருக்கும்.

ஆனால் அதே மாணவருக்கு விரிவுரை பார்க்க, பிடிஎஃப் புத்தகம் படிக்க, பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் குறிப்பெழுத டேப்லட் அருமையான துணை. துணை என்பதுதான் இதில் முக்கியம். மடிக்கணினி உள்ளவருக்கு அது துணை. அதுவே முதலும் கடைசியுமான கருவி என்றால் மாணவர் திண்டாடுவார்.

இதைத் தமிழ்நாடு ஓரளவு புரிந்துகொண்டது போலத் தெரிகிறது. 2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா தொடங்கிய திட்டத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினிதான் கொடுத்தார்கள். 2025 மார்ச்சில் அங்கு வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பப்படி கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. அந்த 'அவரவர் விருப்பப்படி' என்ற சொல்லைத்தான் நான் கவனித்தேன். கொடுப்பவர் முடிவு செய்யாமல் பயன்படுத்துபவரைக் கேட்பது. வீட்டில் நாம் வாங்கும்போதும் அது பொருந்தும்.

மலிவாக வந்த ஆகாஷ்

விலை குறைவு என்பதற்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் 'ஆகாஷ்' கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011 அக்டோபர் 5-இல் புதுடில்லியில் அமைச்சர் கபில் சிபல் வெளியிட்ட டேப்லட் அது. டேட்டாவிண்ட் நிறுவனம் செய்து கொடுத்தது. இந்திய அரசுக்கு ஒன்றின் விலை சுமார் 2,250 ரூபாய். உலகிலேயே மலிவான டேப்லட் என்று பத்திரிகைகள் கொண்டாடின. ஏழை மாணவன் கையில் கணினி என்ற கனவுக்கு யார்தான் எதிராகப் பேசுவார்?

கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏழு அங்குலத் திரை, ஆனால் அழுத்தினால்தான் கேட்கும் பழைய வகை. 366 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 எம்பி நினைவகம். மின்கலம் இரண்டு மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். முதலில் பொறுப்பேற்ற ராஜஸ்தான் ஐஐடிக்கும் தயாரிப்பாளருக்கும் தகராறு வந்து, வேலை மும்பை ஐஐடிக்குக் கைமாறியது. 2012 நவம்பரில் மேம்பட்ட 'ஆகாஷ் 2' வந்தது. சில ஆண்டுகளில் திட்டமே சத்தமில்லாமல் மறைந்துபோனது.

நம் இரவுச் சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் இருநூறு, முந்நூறு வெள்ளிக்குப் பெயர் தெரியாத டேப்லட்கள் குவிந்து கிடக்கின்றன. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் நினைவக அளவு உள்ளே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆறு மாதத்தில் செயலிகள் 'இந்தக் கருவியில் இயங்காது' என்று சொல்லத் தொடங்கும். மலிவு என்று வாங்கி ஆறு மாதத்தில் தூக்கிப் போடுவதைவிட, நல்ல நிறுவனத்தின் பழைய மடிக்கணினியை அதே காசுக்கு வாங்குவது மேல். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி கல்லூரி முதல் ஆண்டை டேப்லட்டில் ஓட்டினாள். இரண்டாம் ஆண்டில் அவள் அம்மா கூட்டுப் பணம் எடுத்து, ஓர் அலுவலகம் கழித்த மடிக்கணினியை 700 வெள்ளிக்கு வாங்கிக் கொடுத்தார். பட்டம் வாங்கும் வரைக்கும் அதுதான் உழைத்தது.

கருவி மட்டும் போதுமா?

கருவியைக் கொடுத்துவிட்டால் படிப்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்க அடி வாங்கியிருக்கிறது. பெரு நாட்டில் இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் சிறு மடிக்கணினிகள் கொடுத்தார்கள். 2012-இல் வெளிவந்த ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை என்றது. 2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் ஐபேட் கொடுத்தபோது, சில வாரங்களிலேயே மாணவர்கள் பூட்டை உடைத்து வேறு தளங்களுக்குள் போய்விட்டார்கள். அந்தப் பெரிய திட்டம் கைவிடப்பட்டது. 2023-இல் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும், தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர அவர் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று எச்சரித்தது.

வெளிநாடு வரைக்கும் போக வேண்டாம். 2011-இல் தொடங்கிய நம் 1பெஸ்தாரிநெட் திட்டம் பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவதாக இருந்தது. அந்தத் தளத்தின் பயன்பாடு மிகக் குறைவு என்று கணக்காய்வுத் தலைவரின் அறிக்கையே சுட்டிக்காட்டியது. 2019-இல் அது முடிவுக்கு வந்தது.

இதற்கு நம் வட்டாரத்தில் இன்னொரு பக்கம் உண்டு. 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் இங்குதான் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்தும், தோட்டத்து வீடு பெரும்பாலும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு காத்திருந்தார்கள் என்பது இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்குத் தெரியும். வீடே நிலையில்லை என்றால் அகண்ட அலைவரிசைக் கம்பி எங்கே வரும்? முன்கட்டண சிம்மில் வாங்கும் தரவுதான் பலருக்கு இணையம். அப்படிப்பட்ட வீட்டுக்கு 'வைஃபை மட்டும்' உள்ள டேப்லட்டைக் கொண்டுபோனால், அது அப்பாவின் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் வாங்க வேண்டும். மறுபடியும் அப்பா வேலை முடிந்து வரும்வரை காத்திருப்பு!

யாருக்கு வாங்கலாம்?

பாலர் பள்ளி, தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தனி டேப்லட் தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டுக்குப் பொதுவாக ஒன்று இருக்கலாம். அது கூடத்தில் இருக்கட்டும், படுக்கையறைக்குள் போக வேண்டாம். இடைநிலைப்பள்ளி மாணவருக்கு, குறிப்பாகப் படிவம் 4, 5-இல் இருப்பவருக்கு, காணொளிப் பாடங்களுக்கும் பயிற்சித் தாள்களுக்கும் நன்றாகவே உதவும். கல்வி அமைச்சின் 'டெலிமா' தளத்தைச் சின்னக் கைப்பேசியில் பார்ப்பதைவிட டேப்லட்டில் பார்ப்பது கண்ணுக்கு இதம். கல்லூரிப் பிள்ளைக்கு முதலில் மடிக்கணினி, மிச்சமிருந்தால் டேப்லட்.

யாரும் சொல்லாத ஒருவரையும் சேர்க்க வேண்டும். நம் வீட்டுப் பாட்டிகள்! எழுத்தைப் பெரிதாக்கிப் பத்திரிகை படிக்க, சிங்கப்பூரில் இருக்கும் பேரனை முகம் பார்த்துப் பேச, தேவாரம் கேட்க டேப்லட்டைப் போல் வசதியானது இல்லை. எனக்குத் தெரிந்த வீடுகளில் வாங்கிய டேப்லட்டை நாள் தவறாமல் பயன்படுத்துபவர்கள் அவர்கள்தாம்.

தமிழில் எழுத முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அந்தக் கவலை தீர்ந்து பல காலமாயிற்று. நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் 'செல்லினம்' செயலியைப் பதிவிறக்கிக்கொண்டால், தமிழ்99, அஞ்சல் என எந்த விசைமுறையிலும் எழுதலாம். நீளமாக எழுதுபவர்கள் மட்டும் தனி விசைப்பலகை ஒன்றை இணைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும் முன்

வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டால், இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

• சிம் போடும் வசதி உண்டா? வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

• நினைவகம் 4 ஜிபிக்கும், சேமிப்பகம் 64 ஜிபிக்கும் குறையாமல் இருக்கட்டும். படிப்புக்கு என்றால் திரை பத்து அங்குலம் அளவில் இருப்பது நல்லது.

• மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், வேறு மாடலைப் பாருங்கள்.

• உறை, பேனா, விசைப்பலகை, மாதாமாதம் தரவு ஆகியவற்றின் செலவையும் விலையோடு கூட்டுங்கள். ஆயிரம் வெள்ளிப் பொருள் ஆண்டு முடிவில் ஆயிரத்தைந்நூறைத் தாண்டிவிடும்.

• தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கள்ளத்தனமாக வந்த சரக்குக்கு உத்தரவாதமும் இருக்காது.

• ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரி கட்டுபவர்கள் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 வெள்ளி வரிக் கழிவில் டேப்லட்டையும் சேர்க்கலாம். பொருளில் பழுது இருந்து கடைக்காரர் கையை விரித்தால், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வேண்டாம். 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம்.

ஐந்து வெள்ளியில் நியாயம் கேட்க வழி இருக்கிறது என்று வானொலியில் சொல்லும்போதெல்லாம், "அப்படியா?" என்று வியக்கும் நேயர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

வாங்க வசதியில்லையா? தலைகுனிய வேண்டாம். நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 'நாடி' இணைய மையங்கள் உள்ளன. கணினி இருக்கிறது, இணையம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கிறார். உங்கள் வட்டாரத்தில் எங்கே என்று விசாரித்து, வாரத்தில் இரண்டு மாலை பிள்ளையை அழைத்துப் போங்கள். கோயில் மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு வைஃபை இணைப்பும் போட்டால் பத்து வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். கோயில் நிர்வாகத்தினர் இதைப் படித்தால் அடுத்த கூட்டத்தில் பேசிப் பார்க்கலாமே.

கடைசியாக ஒன்று. டேப்லட் வாங்கிய பின், முதல் மாத முடிவில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இதில் என்ன செய்தாய், காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். அதட்ட வேண்டாம், ஆசையாகக் கேளுங்கள். ஒரு படம் வரைந்திருக்கலாம், ஒரு கணக்கு போட்டிருக்கலாம், ஒரு கதை எழுதியிருக்கலாம். எதையாவது காட்டினால் உங்கள் பதினைந்து நாள் உழைப்பு வீணாகவில்லை. பார்த்த காணொளிகளின் பட்டியல் மட்டுமே வந்தால், கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த மாதம் அதன் பக்கத்தில் நீங்களும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.